கழறலின் இலக்கணம்: திருக்குர்ஆனின் ‘இதாப்’ வசனங்கள் தமிழிலும் மலையாளத்திலும்

திருக்குர்ஆனின் அறக்கல்வி முறைகளைப் பற்றி எழுதியோர் கதை கூறல், உவமை, நற்செய்தி, எச்சரிக்கை என்பவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். இறைவன் தன் தூதரையே கடிந்துரைக்கும் இடங்களோ பெரும்பாலும் இறையியல் சிக்கலாகவே நோக்கப்பட்டு வந்துள்ளன. தூதரிடம் பிழை நிகழுமா, நிகழாதா என்பது அச்சிக்கலின் மைய வினா. அவ்வினா இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்குவதன்று. அவ்விடங்களில் கடிந்துரை எத்தகைய மொழியமைப்பின் வழி நிகழ்கிறது, அவ்வமைப்பு தமிழிலும் மலையாளத்திலும் பெயர்க்கப்படும்போது என்னவாகிறது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன. கடிந்துரையின் கற்பிக்கும் ஆற்றல் அது கூறும் பொருளில் மட்டும் தங்கியிருக்கவில்லை. மூவிடப் பாகுபாட்டிலும், வினா வடிவத்திலும், எது முன், எது பின் என்னும் வரிசையிலும் அவ்வாற்றல் தங்கியுள்ளது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் பலர் நபிகள் நாயகத்தின்பால் தமக்குள்ள பெருமதிப்பினாலேயே அவ்விலக்கணத்தை மறைத்துவிடுகின்றனர் என்பதும், அதனை மறைக்காது பெயர்ப்பதற்குரிய வழி தமிழிலேயே உண்டு என்பதும் இங்கு நிறுவப்படும்.

இத்தகைய ஒப்பீட்டுக்குத் திருவனந்தபுரம் இயல்பான களமாகும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இந்நகரம் தமிழும் மலையாளமும் வழங்கிய ஓர் அரசின் தலைநகர். இன்றும் சாலைக் கடைத்தெருவில் இரு மொழிகளும் ஒரே தராசின் இரு பக்கங்களிலும் கேட்கின்றன. ஒரே வசனத்தை இரு மொழிகளிலும் ஓதி விளக்கக் கேட்கும் முஸ்லிம்களும் இங்கு உளர்.

சொல்லும் அதன் சுற்றமும்

அரபு மொழியில் ‘இதாப்’ என்பது வெறுங் கண்டனத்தைக் குறிக்கும் சொல்லன்று. பழித்தலுக்கு ‘லவ்ம்’, அதட்டலுக்கு ‘தவ்பீஃக்’, தடுத்து விரட்டலுக்கு ‘ஸஜ்ர்’ எனத் தனித்தனிச் சொற்கள் உள. உறவு அற்றுப்போகாத இருவரிடையே, அவ்வுறவு நிலைக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு ஒருவர் மற்றவரிடம் குறை கூறுவதே இதாப். இச்சொல்லின் வேரிலிருந்தே ‘உத்பா’ என்னும் சொல்லும் பிறக்கிறது. குறை கூறியவரின் மனம் நிறையும்படி நடந்துகொள்ளல் என்பது அதன் பொருள். குறை கூறலும் அக்குறை நீங்கி இணங்கலும் ஒரே வேரில் அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

தமிழ் இஸ்லாமிய உரைநடையில் இதற்கு ஈடாகப் பெரிதும் வழங்குவது ‘கண்டித்தல்’ என்பதாகும். ‘அல்லாஹ் நபியைக் கண்டித்தான்’ என்னும் தொடரை மேடைகளிலும் நூல்களிலும் காணலாம். இது பொருந்தாத தேர்வு. கண்டனம் இன்று கூட்டம் போட்டு நிறைவேற்றும் தீர்மானத்தின் சொல். கண்டிப்பு பள்ளித் தலைமையாசிரியரின் சொல். இரண்டிலும் உறவின் ஈரம் இல்லை. மலையாளத்தில் வழங்கும் ‘சாசன’ என்பதும் பெரும்பாலும் இத்தகையதே. தமிழுக்கோ இவ்விடத்தில் வறுமை இல்லை. அகப்பொருள் மரபில் தலைவன் நிலைகுலைந்து நிற்கையில் பாங்கன் அவனை இடித்துச் சொல்வது ‘கழறல்’ எனப்படும். பாங்கன் பகைவன் அல்லன். தலைவனின் பெருமை குன்றக்கூடாது என்பதற்காகவே அவன் கழறுகின்றான். திருக்குறள் ‘நட்பு’, ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்னும் அதிகாரங்களில் இடித்துரைத்தலை நண்பர்க்கும் சான்றோர்க்கும் உரிய கடமையாகவே வைக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் ‘வாயுறை வாழ்த்து’ இன்னும் நெருங்கியது. வேம்பும் கடுவும் போல முதலிற் கசந்து, பின்னர்ப் பயன் தரும் சொல்லை அவ்விலக்கணம் ‘வாழ்த்து’ என்னும் பெயராலேயே வழங்குகிறது. கசப்பான சொல்லை வாழ்த்தின் வகையாகக் கண்ட மொழிக்கு இதாப் அயலானதன்று. ‘கழறல்’ இன்று அருகிய வழக்காயினும் ஆய்வுக் கலைச்சொல்லாக அதனை மீட்டெடுப்பதில் தவறில்லை. இக்கட்டுரை அச்சொல்லையே ஆள்கிறது.

தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் அடியவன் இறைவனை ஏசும் மரபு செழித்தது. அதற்கென ‘நிந்தாஸ்துதி’ முதலான பெயர்களும் ஏற்பட்டன. இறைவன் தன் அன்புக்குரியவனைக் கழறும் மரபு அத்துணை வளர்ந்ததாகத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றத்திற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

முகஞ்சுளித்தவர் யார்?

கழறல் வசனங்களுள் மொழியியலாளர்க்கு மிகுந்த பயன் தருவது 80ஆம் அத்தியாயத்தின் தொடக்கம். நிகழ்ச்சி நன்கு அறியப்பட்டது. மக்கா நகரின் குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் உரையாடிக்கொண்டிருந்தார். அவர்கள் இணங்கினால் நகரமே இணங்கும் என்னும் நம்பிக்கை இருந்தது. அவ்வேளையில் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் வந்து, தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். இடையீட்டை விரும்பாத நாயகத்தின் முகம் மாறியது, அவர் திரும்பிக்கொண்டார். இதன்மேல் வசனங்கள் அருளப்பெற்றன என்பது பெரும்பான்மை விரிவுரையாளர் தரும் செய்தி. சுளித்த முகத்தை வந்தவர் கண்டிருக்க இயலாது என்பது இங்குக் கருதத்தக்கது. புண்பட்டவர் ஒருவரின் முறையீட்டின் மேல் எழுந்த கழறல் அன்று இது. எவரும் காணாத ஒரு முகக்குறிப்பின்மேல் எழுந்தது.

முதல் இரு வசனங்களின் வினைகளாகிய ‘அபஸ’, ‘தவல்லா’ ஆகியவை படர்க்கை ஒருமை ஆண்பால் வினைகள். எழுவாய் வெளிப்பட இல்லை. பெயரும் இல்லை, விளியும் இல்லை. யாரோ ஒருவர் முகஞ்சுளித்துத் திரும்பிக்கொண்ட செய்தி மட்டும் கூறப்படுகிறது. மூன்றாம் வசனத்தில் திடீரென முன்னிலை தோன்றுகிறது. அதன்பின் பத்தாம் வசனம்வரை முன்னிலை நீங்குவதில்லை. ஆறாம், பத்தாம் வசனங்களில் ‘அன்த்த’ என்னும் முன்னிலைப் பெயர் வெளிப்படையாகவே முன்வந்து நிற்கிறது. அரபு வினையே இடத்தைக் காட்டிவிடுமாதலின் இப்பெயர் வேண்டியே இடப்பட்டதாகும். தன்னிறைவு கொண்டவனிடம் கவனம் செலுத்துபவரும், அஞ்சி ஓடிவருபவனைப் புறக்கணிப்பவரும் ஒருவரே என்னும் முரண் அதனால் கூர்மை பெறுகிறது. இவ்வளவு இடமாற்றத்திற்கிடையிலும் பத்து வசனங்களும் ஒரே நெடில் ஆகார ஈற்றில் முடிகின்றன. யாரோ ஒருவரைப் பற்றியதாகத் தொடங்கிய பேச்சு தன்னை நோக்கித் திரும்பியதைச் செவி தடையின்றி ஏற்றுக்கொள்கிறது.

இவ்விடமாற்றத்தை அரபு அணியிலக்கணத்தார் ‘இல்திஃபாத்’ என்பர். அதன் பயன் யாது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸமக்ஷரி (இறப்பு 1144) இதனைக் கடுமையின் ஏற்றமாகக் கண்டார். தவறிழைத்த ஒருவனைப் பற்றிப் பிறரிடம் முறையிட்டுக்கொண்டிருப்பவன், முறையீடு சூடேறியதும் அவன் பக்கமே திரும்பிப் பேசத் தொடங்குவது போன்றது என்பது அவர் தரும் விளக்கம். வேறு சிலரோ முதலிற் படர்க்கை வந்ததே மென்மையின் பொருட்டு என்பர். முகஞ்சுளித்தலாகிய செயலை நேருக்கு நேராக அவர்மேல் ஏற்றிச் சொல்லாமல் இறைவன் ஒதுக்கிக் கூறினான் என்பது அவர் கருத்து. இருதிறத்தாரும் ஒரே இலக்கணத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். ஷீஆ விரிவுரையாளருள் ஷரீஃப் அல்-முர்தளா முதல் 20ஆம் நூற்றாண்டின் தபாதபாயீ வரை பலர் முகஞ்சுளித்தவர் நபிகள் நாயகமே அல்லர் என்றனர். பெயர் கூறாத படர்க்கை அவ்வாதத்திற்கும் இடந்தருகிறது.

இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் தமிழ் மொழிபெயர்ப்பைக் கையிலெடுத்தால் காண்பது யாது? முதல் வசனத்திலேயே அடைப்புக்குறிக்குள் நபியின் பெயரோ பட்டமோ இடப்பட்டிருப்பதைச் சில பதிப்புகளிற் காணலாம். அடைப்புக்குறி இல்லாத பதிப்புகளிலும் மூன்றாம் வசனத்தின் தொடக்கத்தில் ‘நபியே’ என்னும் விளி அடைப்புக்குறிக்குள் வந்துவிடுகிறது. முதலாவது முறை, மூலம் மறைத்து வைத்ததை வெளியிட்டுவிடுகிறது. இரண்டாவது முறை, மூலம் எதிர்பாராது திரும்பும் இடத்தில் மணியடித்து அறிவிக்கிறது. இரண்டும் வாசகனுக்கு உதவும் எண்ணத்தோடு செய்யப்படுபவையே. உதவி யாதெனில், வாசகன் ஒரு கணமேனும் ‘முகஞ்சுளித்தது யார்?’ என்று கேட்டு, தன் முகத்தைத் தானே நினைத்துப் பார்க்கும் வாய்ப்பு இல்லாமற் போவதேயாகும்.

தமிழ் வினைமுற்று பால் காட்டியே தீரும். ஆதலால் அரபியின் மறைவைத் தமிழிற் காக்க இயலாது என்று வாதிடலாம். ‘சுளித்தான்’ என்பதை ஒரு முஸ்லிம் வாசகனின் செவி ஏற்காது. ஏற்க வேண்டும் என்று கேட்பதும் முறையன்று. ஆயின் ‘முகஞ்சுளித்தார்’ என்பதையே எழுவாயின்றி நிறுத்தினால் என்ன? -ஆர் ஈறு பழந்தமிழிற் பலர்பாலுக்குரியது. பின்னரே உயர்வு ஒருமைக்கு வந்தது. இலக்கிய நடையில் எழுவாய் இல்லாத ‘சுளித்தார்’ ஒருவரா பலரா என்பதைக்கூட உடனே காட்டிவிடாது. மூலத்தில் இருப்பதைவிட ஒருபடி மிகுந்த மறைவையே தமிழ் தரக்கூடும். தொழிற்பெயராக்கி ‘ஒரு முகச்சுளிப்பு, ஒரு புறந்திரும்பல்’ எனப் பெயர்ப்பதைச் சிலர் பரிந்துரைக்கலாம். அது செயலைத் தருகிறது. செய்தவரை முற்றிலும் நீக்கிவிடுகிறது. கழறலுக்கு ஆள் வேண்டும்.

மலையாளத்தின் நிலை வேறு. ஏ. ஆர். ராஜராஜவர்மா தம் ‘கேரள பாணினீய’த்தில் தமிழினின்று மலையாளத்தைப் பிரித்துக்காட்டும் ஆறு நயங்களுள் ஒன்றாகப் ‘புருஷபேத நிராசம்’ என்பதனைக் கூறினார். வினைமுற்று இடமும் பாலும் காட்டும் ஈற்றை இழந்தது என்பதே அது. எனவே மலையாள வினையை எழுவாயின்றி வைத்தால் அது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, படர்க்கையா முன்னிலையா என எதனையும் காட்டாது. எழுவாய் இல்லாத அரபு வினைக்கு இதைவிட நெகிழ்ச்சியான இணை வேறில்லை. எனினும் பரவலாக வழங்கும் மலையாள மொழிபெயர்ப்புகள் ‘அத்தேஹம்’ என்னும் உயர்வுப் பெயரை அங்கு இட்டு நிரப்புகின்றன. மொழி தானாகத் தந்த கொடையை மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று கூறியது வியப்புக்குரியது. ஆயினும் மூன்றாம் வசனத்தில் அவை தமிழ் செய்யாத ஒன்றைச் செய்கின்றன. அது அடுத்துக் கூறப்படும்.

படர்க்கையிற் கூறி முன்னிலையாருக்கு உணர்த்தும் இம்முறைக்குத் தமிழில் பெயரே உண்டு. தொல்காப்பியக் கற்பியல் கூறும் ‘முன்னிலைப் புறமொழி’ அது. முன்னிற்பாரை நோக்கிப் பிறர் ஒருவரைக் கூறுவார்போலக் கூறுதல் என்று அது விளக்கப்படும். ஊடலும் வாயில் வேண்டலும் வாயில் மறுத்தலும் நிகழும் களத்தில், அஃதாவது உறவு அறாத இருவரிடையே குறை பேசப்படும் களத்தில், அவ்விலக்கணம் அமைந்துள்ளது. ஸமக்ஷரி கண்ட கடுமையையும் பிறர் கண்ட மென்மையையும் ஒருங்கே தாங்கவல்லது அது. ‘இல்திஃபாத்’ என்பதற்கு இடமாற்றம், திரும்புதல் எனப் புதுச்சொல் தேடுவோர் இதனை நோக்காமல் விட்டது வருந்தத்தக்கது. இல்திஃபாத் முழுமைக்கும் இது ஈடாகாது. எவ்வகை இடமாற்றமும் அதில் அடங்கும். 80ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்திற்கு மட்டும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

கற்பித்தல் முறையாகவும் இது வாழ்ந்தது. தம் தோழருள் சிலர் தவறு செய்தபோது நபிகள் நாயகம் பெயர் சொல்லாது, இன்னின்னவாறு செய்யும் மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று பொதுவில் வினவும் வழக்கம் ஹதீஸ்களில் பலவிடத்தும் காணப்படுகிறது. தாம் படர்க்கையிற் கழறப்பட்டவர் பிறரைப் படர்க்கையிலேயே கழறினார். கஸ்ஸாலி (இறப்பு 1111) தம் ‘இஹ்யா’வில் ஆசிரியரின் கடமைகளைக் கூறுமிடத்து, மாணவனின் தீய பண்பை வெளிப்படையாக அன்றிக் குறிப்பாலும், அதட்டலால் அன்றி இரக்கத்தாலும் நீக்க வேண்டும் என்கிறார். வெளிப்படைக் கண்டனம் அச்சத்தின் திரையைக் கிழித்துவிடும் என்பது அவர் காரணம். சிறுவனை ஓயாது கடிந்துகொண்டிருந்தால் கடிசொல் அவனுக்கு எளிதாகிவிடும் என்றும் அவர் எச்சரித்தார். குறிப்பு என அவர் கூறுவது இலக்கணத்தில் படர்க்கையாக வடிவெடுக்கிறது. பின்னாளில் இப்னு உம்மி மக்தூமைக் காணும்போதெல்லாம், இவர் பொருட்டன்றோ என் இறைவன் என்னைக் கழறினான் என்று கூறி நாயகம் வரவேற்றதாக விரிவுரைகள் கூறும். அச்செய்தியில் வரும் வினை இதாப் என்பதன் வேரிலிருந்தே பிறந்தது. மதீனாவில் தாம் இல்லாத காலங்களில் பொறுப்பை அப்பார்வையற்றவரிடமே அவர் ஒப்படைத்ததும் வரலாறு.

நீ, நீர், நீங்கள்

அரபியின் முன்னிலை ஒருமையில் உயர்வு தாழ்வு இல்லை. இறைவன் தூதரை அழைப்பதும், மனிதன் இறைவனை அழைப்பதும் ஒரே பெயரால். தமிழில் மூன்று படிகள் உள. பிரவுன், கில்மன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட ஆய்வின் வழி பேசினால், அதிகாரம் ஓர் அச்சு, நெருக்கம் மற்றோர் அச்சு. தமிழ் விவிலியத்தையும் தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்தால் ஒரு கண்ணாடி எதிரொளி தோன்றும். விவிலியத்தில் இறைவன் மோசேயிடம் பேசுகையில் ‘நீ’. மனிதன் இறைவனிடம் பேசுகையில் ‘நீர்’, ‘தேவரீர்’. குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் மனிதன் இறைவனை அழைப்பது ‘நீ’. இறைவன் தூதரை அழைப்பது ‘நீர்’ அல்லது ‘நீங்கள்’. ஒரே மொழி, ஒரே வகையான உறவு, நேர்மாறான பெயர்கள். ஒருவனாகிய இறைவனுக்குப் பன்மைச் சாயல் ஆகாது என்னும் கொள்கை முன்னதை விளக்கும். பின்னதை விளக்குவது தமிழ் முஸ்லிமின் நாவு பயின்ற மரியாதை மட்டுமே. மூலத்தில் மரியாதை செய்பவன் மனிதன் அல்லன், பேசுபவன் இறைவன். அவன் வாயில் மொழிபெயர்ப்பாளர் தம் மரியாதையை ஏற்றிவிடுகிறார்.

மலையாள மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் இவ்விடத்தில் ‘நீ’ என்றே வழங்குகின்றன. ஆகவே 80ஆம் அத்தியாயத்தில் ‘அத்தேஹம்’ என்னும் உயர்விலிருந்து ‘நீ’ என்னும் நேர்மைக்கு ஓர் இறக்கம் நிகழ்கிறது. அந்த இறக்கமே கழறல். அரபியில் உயர்வுப்பெயர் இல்லாமையால் மூலத்தில் இது இல்லை. எனினும் மூலத்தின் இடமாற்றம் செய்த வேலையை மலையாளத்தில் உயர்வு நீக்கம் செய்துவிடுகிறது. தமிழிலோ ‘அவர்’ என்பதிலிருந்து ‘நீங்கள்’ என்பதற்குப் போகையில் படி மாறுவதில்லை. ஓர் அலுவலகக் கடிதத்தின் தொனியே எஞ்சுகிறது.

‘நீர்’ என்னும் பெயரைப் பற்றி ஒரு குறிப்பு தேவை. சென்னைப் பதிப்பாளருக்கு அது விவிலிய நெடியும் பழமையும் கொண்ட சொல்லாகத் தோன்றலாம். நெல்லை, குமரிப் பகுதிகளிலும், அங்கிருந்து திருவனந்தபுரத்தில் குடியேறியோரிடத்தும் அது உயிருள்ள பேச்சுச்சொல். ‘ஓய்’, ‘வே’ என்பவற்றோடு இணைந்து, ஒத்த வயதினரிடையே நெருக்கத்தையும், சினம் எழும்போது அச்சினத்தையும் அது ஒருங்கே தாங்கும். மரியாதை குறையாமல் குறை கூறக்கூடிய ஒரே முன்னிலைப் பெயர் தமிழில் அதுவே. ‘நீ’ எனத் தமிழ் முஸ்லிம் வாசகனை அதிரச்செய்யவும் வேண்டாம். ‘நீங்கள்’ எனக் கழறலை நீர்த்துப்போகச் செய்யவும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் தென்பாண்டிப் பேச்சைக் கேட்டு ‘நீர்’ என்பதைத் தேர்ந்தாரோ, வேறு காரணத்தாலோ, அது சரியான தேர்வு. ‘அன்த்த’ முன்வரும் இடங்களில் ஓகாரம் சேர்த்து ‘நீரோ’ என நிறுத்தினால் மூலத்தின் அழுத்தமும் கிடைத்துவிடும்.

மன்னிப்பு முன்னும் வினா பின்னும்

9ஆம் அத்தியாயத்தின் 43ஆம் வசனம் வேறு வகையானது. 630ஆம் ஆண்டுத் தபூக் பயணத்தின்போது சாக்குப்போக்குக் கூறிப் பின்தங்க விரும்பியோர்க்கு நாயகம் அனுமதி வழங்கினார். உண்மையுரைப்போர் யார், பொய்யர் யார் என்று தெளியுமுன் ஏன் அனுமதித்தீர் என்பது வினா. அவ்வினாவுக்கு முன்னரே மன்னிப்பு வந்துவிடுகிறது. ஸுயூதி (இறப்பு 1505) தம் ‘இத்கான்’ நூலில் வினாவின் பொருள்களுள் ஒன்றாக இதாப்பைக் கூறி, அதன் மிக மென்மையான சான்றாக இவ்வசனத்தைத் தருகிறார். இங்கு ஸமக்ஷரி இறைவன் காட்டிய நாகரிகத்தைக் கைக்கொள்ளவில்லை என்றும் சாடுகிறார். ஸமக்ஷரி செய்த குற்றம், மன்னிப்பு என்பது குற்றத்தைச் சுட்டும் குறிப்புமொழி என்று வெளிப்படையாக எழுதியதே. ராஸி (இறப்பு 1210) மறுதலையாக, இது மதிப்புக்குரியவரிடம் பேச்சைத் தொடங்கும் மங்கலமொழி போன்றது என்றார்.

இவ்விரு விளக்கங்களையும் பிரிப்பது ஓர் இலக்கண நுட்பம். அரபியின் இறந்தகால வினை செய்தியாகவும் வரும், வேண்டலாகவும் வரும். தமிழில் ‘மன்னித்துவிட்டான்’ என்றால் செய்தி. குற்றம் உண்டென்பது துணிபு. ‘மன்னிப்பானாக’ என்றால் வியங்கோள். ஆனால் இறைவனே பேசும் இடத்தில் யாரிடம் யார் வேண்டுவது என்னும் இடர் எழும். மொழிபெயர்ப்பாளர் எதைத் தேர்ந்தாலும் ஸமக்ஷரி பக்கமோ ராஸி பக்கமோ சாய்ந்தே ஆகவேண்டும். பேச்சுத் தமிழ் இவ்விடத்தில் நடுவழி ஒன்றை அறியும். குறை கூறப் புகும் மூதாட்டி, ‘நீ நல்லாயிருப்பே, ஏன் இப்படிப் பண்ணினே?’ என்று தொடங்குவாள். அவ்வாழ்த்து செய்தியும் அன்று, முழு வேண்டலும் அன்று; வரவிருக்கும் வினா காயப்படுத்தாதிருக்க இட்ட மெத்தை. எழுத்துநடையில் இதனை அப்படியே கொணர இயலாது. ‘மன்னிப்பானாக’ என்பதை வியப்புக்குறியால் துண்டிக்காமல், காற்புள்ளியோடு வினாவில் இணைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மெத்தையையும் வினாவையும் இரு வாக்கியங்களாக்கும் இன்றைய நிறுத்தற்குறி முறை வரிசையைக் காக்கிறது, உறவை அறுக்கிறது.

வினாச்சொல்லாகிய ‘லிம’ (ஏன்) 66ஆம் அத்தியாயத்தின் முதல் வசனத்திலும் வருகிறது. பத்தாண்டுகள் நாயகத்திற்குப் பணிபுரிந்த அனஸ், தாம் செய்த எதற்கும் ‘ஏன் செய்தாய்?’ என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை என்று சான்று பகர்ந்துள்ளார். தம்மிடம் கேட்கப்பட்ட வினாவைத் தம் ஏவலரிடம் அவர் கேட்கவில்லை. நம்பிக்கையாளரைப் பொதுவாக நோக்கி எழும் 57:16, 61:2 போன்ற கழறல்களும் வினா வடிவிலேயே அமைந்துள்ளன. பதில் சொல்ல வேண்டியவன் கேட்பவனே ஆகிறான். வினாவின் கற்பிக்கும் பயன் அது.

அடைப்புக்குறியும் ஓசையும்

திருவனந்தபுரம் மாவட்டத்து வக்கத்தில் பிறந்த அப்துல் காதர் மௌலவி (1873–1932) 1905இல் தொடங்கிய ‘சுவதேசாபிமானி’ இதழ் ஆட்சியாளரைக் கழறியதற்காக 1910இல் அதன் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் ராமகிருஷ்ணபிள்ளை நாடு கடத்தப்பட்டார். அதே மௌலவி 1931இல் வெளியிட்ட ‘தீபிகா’ இதழில் குர்ஆனின் பொருளை எளிய மலையாளத்தில் தரும் பணியைத் தொடங்கினார். ஓதத் தெரிந்தும் பொருள் தெரியாத நிலை மாறவேண்டும் என்பது அவர் நோக்கம். பொருள் மக்களைச் சேரவேண்டும் என்னும் இந்நோக்கமே தமிழிலும் மொழிபெயர்ப்புகளைப் பெருக்கியது. அடைப்புக்குறிகளைப் பெருக்கியதும் அதுவே. மூலத்தில் இல்லாததை மூலத்திலிருந்து பிரித்துக்காட்டும் நேர்மை அக்குறிக்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. விளக்கம் தேவையான இடங்கள் பல உள. அவற்றை அடிக்குறிப்பில் வைப்பதற்குத் தடை எதுவும் இல்லை.

கழறல் வசனங்களில் மட்டும் இக்குறி பெருந்தீங்கு செய்கிறது. 66ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ‘நபியே’ என்னும் விளி மூலத்திலேயே உள்ளது. பட்டத்தைச் சொல்லி அழைத்து, பின்னரே ‘ஏன்’ என்று கேட்கப்படுகிறது; விளி அங்குக் கழறலின் ஓர் உறுப்பு. 9:43இல் விளி இல்லை. அவ்விடத்தை மன்னிப்பு நிரப்புகிறது. 80ஆம் அத்தியாயத்தில் விளியும் இல்லை, மன்னிப்பும் இல்லை; படர்க்கை நிற்கிறது. இம்மூன்றும் மூன்று வேறு முறைகள். எல்லா இடத்தும் ‘நபியே’ என்று சேர்த்துவிட்ட பதிப்பில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. கண்ணால் வாசிப்பவர் வளைகோட்டைக் கண்டு வேறுபாட்டை உணரக்கூடும். பள்ளிவாசலிலும் வீட்டிலும் ஒலிப்பதிவிலும் மொழிபெயர்ப்பு வாய்விட்டு வாசிக்கப்படும்போது கேட்பவர்க்கு வளைகோடு கேட்பதில்லை. மூலத்தின் விளியும் மொழிபெயர்ப்பாளரின் விளியும் ஒரே குரலில், ஒரே அளவில் ஒலிக்கின்றன.